சிறுநீரகமும் தண்ணீர்க் கணக்கும்: வாசகர் கேள்விகள்

காலையில் முதல் சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடிக்காததால் ரத்தம் லேசாகக் கெட்டிப்படும். ஒரு சதவீத மாற்றமே போதும், மூளையின் ஹைப்போதலாமஸ் அதைக் கண்டுகொள்ளும். வாசோபிரஸின் ஹார்மோன் சுரக்கும். சிறுநீரகச் சேகரிப்புக் குழாய்ச் செல்களின் வி2 ஏற்பியில் அது ஒட்டியதும் உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற தகவல் கடத்தும் மூலக்கூறு கூடும். சின்னப் பைகளில் தயாராகக் கிடக்கும், தண்ணீருக்குத் துளையாக இருக்கும் அக்வாபோரின்-2 புரதங்கள் செல்லின் விளிம்புக்கு வந்து பதியும். அந்தத் துளைகள் வழியே தண்ணீர் உடம்புக்குத் திரும்பிவிடும். நாளுக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டப்பட்டும் ஒன்றரை லிட்டர் சொச்சம்தான் வெளியே போகிறது. கோலா நிறத்தில் போனால்தான் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இருக்கிற புரதம் ஏறி இறங்கினால் போதாதா? இதில் ஜீனுக்கு என்ன வேலை?

நல்ல கேள்வி. அரை மணி நேரத் தாகத்துக்கு இருப்பே போதும். நாள்கணக்கில் தண்ணீர் தட்டுப்பட்டால் புதிதாகச் செய்தாக வேண்டும். வாசோபிரஸின் தொடர்ந்து வந்தால் 12-ஆம் குரோமோசோமில் உள்ள, அந்தப் புரதத்துக்கான ஏக்யூபி2 ஜீன் வேகமாகப் படியெடுக்கப்பட்டு, செல்லில் அக்வாபோரின்-2 கையிருப்பு ஏறும். இந்த ஜீனை முடுக்கிவிடுவது கிரெப் என்ற புரதம் என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லும். அது நேரடியாக அங்கே போய் உட்காருகிறதா என்று பிந்தைய ஆய்வுகள் சந்தேகம் கிளப்பியிருக்கின்றன. என் கணிப்பில் அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. மாதக்கணக்கில் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தவருக்கு ஹார்மோனை ஊசியாகவே போட்டாலும் சிறுநீர் முழுசாகச் செறிவாகாது. கையிருப்பு கரைந்துபோனது அதற்கு ஒரு காரணம். 'தினமும் ஐந்து லிட்டர்' என்று வாட்ஸ்அப்பில் உபதேசம் செய்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

சிறுநீரகத்தின் உள்பகுதி உப்பு மண்டிய இடமாமே, அங்கே செல்கள் எப்படிப் பிழைக்கின்றன?

ரத்தத்தின் செறிவு 290 மில்லிஆஸ்மால் (கரைந்த பொருள்களின் செறிவை அளக்கும் அலகு) அளவில் இருக்கும். சிறுநீரக மையப்பகுதியின் ஆழத்தில் உப்பும் யூரியாவும் சேர்ந்து 1200 வரை போகும். சாதாரண செல் அங்கே உப்பில் ஊறிய மாங்காய்போல் சுருங்கிவிடும். இங்கே என்ஃபாட்5 என்ற புரதம் உட்கருவுக்குள் நுழைந்து சில ஜீன்களை முடுக்கிவிடும். ஒன்று சார்பிட்டால் செய்யும் நொதியைத் தரும். மற்றவை பீட்டெய்ன், இனோசிட்டாலை உள்ளே இழுக்கும் புரதங்களைத் தரும். செல்லுக்குக் கெடுதல் செய்யாத இந்தப் பொருள்கள் உள்ளே நிறைந்து வெளி உப்புக்கு ஈடுகொடுக்கின்றன. இதே என்ஃபாட்5 அக்வாபோரின்-2 உற்பத்திக்கும் கைகொடுக்கிறது.

அம்மா மனநிலைக் கோளாறுக்கு லித்தியம் சாப்பிடுகிறார். சதா தாகம், சதா பாத்ரூம். சர்க்கரை நார்மல்.

லித்தியம் சோடியம் போகும் வாசல் வழியாகவே அந்தச் செல்களுக்குள் புகுந்து, அக்வாபோரின்-2 உற்பத்தியைக் குறைக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், தண்ணீரையும் கட்டுப்படுத்தாதீர்கள். ரத்தத்தில் லித்தியம், சோடியம், கிரியாட்டினின் பார்த்துவிட்டு மனநல மருத்துவரும் நெஃப்ராலஜிஸ்டும் (சிறுநீரக மருத்துவர்) சேர்ந்து முடிவெடுக்கட்டும். அந்த வாசலை அடைக்கும் அமிலோரைடு மாத்திரை சிலருக்கு உதவும்.

அக்கா மகனுக்கு எட்டு மாதம். சிறுநீர் அளவுக்கு மீறிப் போகும் பிறவிக் கோளாறு, வாசோபிரஸின் ஹார்மோன் கொடுத்தும் கேட்கவில்லை என்கிறார்கள். அக்காவுக்கு ஒன்றுமில்லையே?

பிறவியில் வருவதில் சுமார் 90 சதவீதம் வி2 ஏற்பியின் ஜீன் பழுதால்தான். அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பையனுக்கு எக்ஸ் ஒன்றே. அக்காவுக்கு இரண்டு இருப்பதால் நல்லது ஒன்று பெரும்பாலும் சமாளித்துவிடும். மருந்தாகத் தருவது தையசைடு. சிறுநீர் பெருக்கும் மாத்திரையைச் சிறுநீர் குறைக்கவா என்று அக்கா பதறுவார்! அது உப்பை வெளியேற்றுவதால், குழாயின் முன்பகுதியே உப்போடு கூடுதல் தண்ணீரையும் உறிஞ்சிக்கொள்ளும். கடைசிவரை வந்துசேர்வது குறையும். உணவில் உப்பையும் மட்டாக வைக்கச் சொல்வார்கள். குழந்தை கேட்கும்போதெல்லாம், நடுராத்திரியானாலும், தண்ணீர் கொடுங்கள்.