எந்த பீஸ் வாசித்தால் இடம் கிடைக்கும்?

கேள்வி: என் மகள் இப்போதுதான் பிளஸ் டூவுக்கு வந்திருக்கிறாள். டிரினிட்டி எட்டாவது கிரேடில் டிஸ்டிங்ஷன். இங்கிலாந்தில் இசைக் கல்லூரியில் பியானோ படிக்க ஆசைப்படுகிறாள். ஆடிஷனுக்கு பாக்கின் ப்ரீலூட் அண்ட் ஃப்யூக் ஒன்று, கிளாசிக்கல் கால சொனாட்டாவிலிருந்து வேகமான மூவ்மென்ட் (பகுதி) ஒன்று, நம் விருப்பப்படி ஒன்று, எல்லாம் 15 நிமிடத்துக்குள் என்று கேட்கிறார்கள். மொசார்ட்டின் கே. 545 சொனாட்டா அவளுக்கு நன்றாக வரும். “அது சின்னப் பிள்ளைகள் வாசிப்பது. பீத்தோவனின் மூன்லைட் சொனாட்டா போடு. கடைசியில் லிஸ்ட்டின் லா காம்பனெல்லா வாசித்தால்தான் திரும்பிப் பார்ப்பார்கள்” என்கிறார் அவளுடைய மாஸ்டர். இதற்கிடையில் ஒரு கன்சல்டன்சியில், 60,000 ரூபாய் கட்டினால் தேர்வுக் குழுவுக்குப் பிடித்த பீஸ்களின் பட்டியல் தருகிறோம் என்கிறார்கள். வீட்டில் இருப்பது டிஜிட்டல் பியானோ. என்ன செய்யலாம்?
— ஒரு தாய், திருச்சி

பதில்: முதலில் அந்த 60,000 ரூபாயைக் கட்டாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

தேர்வுக் குழுவுக்குப் பிடித்த பட்டியல் என்று ஒன்று கிடையாது. கல்லூரி கேட்பது அதன் இணையதளத்திலேயே இலவசமாக இருக்கிறது. நீங்களே அதை இரண்டு வரியில் எழுதிவிட்டீர்கள். அதற்கு மேல் அவர்கள் தரப்போவது யூடியூபில் நிறையப் பேர் பார்த்த பத்து பீஸ்களின் பெயர். போன வருடம் வரை வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்கு ஆள் பிடித்தவர்கள் இந்த வருடம் இசைக்கும் பிடிக்கிறார்கள், அவ்வளவுதான். இன்னொன்றும் சொல்வார்கள் பாருங்கள்: “பாப்பா டிரினிட்டி முடித்தவள், லண்டன் டிரினிட்டியில் சுலபமாக வாங்கிவிடலாம்.” இதில் ஏமாந்தவர்கள் பலர். நம் ஊரில் கிரேடு தேர்வு நடத்தும் டிரினிட்டி காலேஜ் லண்டன் ஒரு தேர்வு வாரியம். பட்டப்படிப்பு நடத்தும் டிரினிட்டி லாபான் வேறு நிறுவனம், 2005-ல் ஒரு இசைக் கல்லூரியும் ஒரு நடனப் பள்ளியும் இணைந்து உருவானது. அங்கே கிரேடு சான்றிதழுக்குச் சலுகை இல்லை. வாசித்துத்தான் காட்ட வேண்டும்.

சரி, பீஸ்களுக்கு வருவோம். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் பியானோ ஆசிரியர்கள். தேர்வானால் உங்கள் மகளுக்கு நான்கு வருடம் சொல்லித்தரப் போகிறவர்களும் அவர்களே. இந்தப் பெண் தான் எழுப்பும் ஒலியைத் தானே கேட்கிறாளா, கையும் மணிக்கட்டும் இளக்கமாக இருக்கின்றனவா, இவளுக்குச் சொல்லிக்கொடுத்தால் ஏறுமா என்று பார்ப்பார்கள். லா காம்பனெல்லாவில் இதில் எது தெரியும்? பகனினியின் வயலின் கான்சர்ட்டோவிலிருந்து எடுத்த மெட்டை லிஸ்ட் பியானோவுக்குக் கொண்டுவந்தார். இன்று எல்லோரும் வாசிப்பது 1851-ல் வந்த வடிவம். வலது கை ஆக்டேவை, அதாவது எட்டுச் சுர இடைவெளியைத் தாண்டித் தாண்டிக் குதித்துக்கொண்டே இருக்கும். ஒன்றிரண்டு தப்புச் சுரம் விழுந்தால் யாரும் கழித்துவிட மாட்டார்கள். ஆனால் பயத்தில் தோள் இறுகி, எப்படியாவது முடித்தால் போதும் என்று வாசிப்பது முதல் அரை நிமிடத்திலேயே தெரிந்துவிடும். முழுதாகக் கைக்குள் வந்த பீஸ்தான் ஆடிஷனுக்கு ஆகும். இன்னும் எட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிற பீஸ் ஆகாது.

மொசார்ட் விஷயத்தில் மாஸ்டர் சொல்வதில் பாதி சரி. (கே., ஓபஸ், ஹோபோக்கன் எல்லாம் படைப்புகளுக்குப் போட்ட பட்டியல் எண்கள்.) கே. 545-ஐ ‘தொடக்க நிலையினருக்கு’ என்று 1788-ல் தன் குறிப்பேட்டில் மொசார்ட்டே எழுதி வைத்திருக்கிறார். அழகாக வாசிப்பது கஷ்டம்தான், ஆனால் பட்டப்படிப்புக்குத் தேர்ந்தெடுப்பவர்கள் கேட்டு முடிவுசெய்ய அதில் சரக்கு போதாது. மொசார்ட் கை இருந்தால் கே. 332-இன் முதல் மூவ்மென்ட் பார்க்கச் சொல்லுங்கள். பீத்தோவன் என்றால் ஓபஸ் 2-இல் முதலாவது, அல்லது ஓபஸ் 10-இல் முதலாவது. என்னைக் கேட்டால் ஹைடனின் இ மைனர் சொனாட்டா, ஹோபோக்கன் 16-இல் 34 என்று போட்டிருக்கும். இடது கை சன்னமான ஒலியில் ஏற, வலது கை பதில் சொல்லும். வேகம், அடக்கம், நகைச்சுவை எல்லாம் ஒரே மூவ்மென்ட்டில் வந்துவிடும்.

மூன்லைட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், வருடா வருடம் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். ‘சொனாட்டா மூவ்மென்ட்’ என்று கேட்டதும் முதல் மூவ்மென்ட்டை எடுத்துக்கொள்வது நம் பழக்கம். பெரும்பாலான சொனாட்டாக்களில் முதல் மூவ்மென்ட் வேகமாக இருப்பதால் பிரச்சினை வராது. மூன்லைட்டின் முதல் மூவ்மென்ட் அடாஜியோ, அதாவது மெதுவானது. எவ்வளவு உருக்கமாக வாசித்தாலும் கேட்டது அதுவல்ல. அதன் மூன்றாவது மூவ்மென்ட் ப்ரெஸ்டோ, மிக வேகமானது. அது விதிக்குப் பொருந்தும், ஆனால் அவளுக்கு அது இப்போது முடியுமா என்பது வேறு கேள்வி. பீத்தோவனின் ஓபஸ் 26 ஒரு மெட்டும் அதை மாற்றி மாற்றி வாசிக்கும் வேரியேஷன்களுமாக, நிதானமாகத் தொடங்குகிறது. துருக்கிய மார்ச்சில் முடிகிறதே, மொசார்ட்டின் கே. 331, அதுவும் அப்படித்தான். ஹைடனில் கேட்கவே வேண்டாம்: ஹோபோக்கன் 16-இல் 42, 48 இரண்டுமே ஆண்டான்டேயில், அதாவது நடை வேகத்தில் தொடங்கும். ஆகவே பெயரைப் பார்த்து எடுக்காமல், பக்கத்தின் மேலே இடது மூலையில் என்ன வேகம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். அப்படியும் சந்தேகம் என்றால் கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் யாரோ ‘ஓகே’ சொன்னதை வைத்துப் போகாதீர்கள்.

பாக்குக்கு, அவருடைய ப்ரீலூட்-ஃப்யூக் தொகுப்பான வெல்டெம்பர்ட் கிளேவியர் முதல் புத்தகத்தின் சி மைனர் போதும். ஃப்யூகில் மூன்று குரல்கள், அதாவது ஒன்றோடொன்று பின்னிச் செல்லும் மூன்று மெட்டு வரிகள். ஐந்து குரல் உள்ள சி ஷார்ப் மைனர் பக்கம் போக வேண்டாம். ஊர் பேர் தெரியாத யாரோ ஸ்லர் (சுரங்களைச் சேர்க்கும் வளைகோடு) போட்டு நிரப்பிய பழைய பதிப்பின் ஜெராக்ஸை விட்டுவிட்டு, ஊர்டெக்ஸ்ட் பதிப்பு, அதாவது இசையமைப்பாளர் எழுதியதை ஒட்டியே அச்சிட்டது ஒன்று வாங்கிவிடுங்கள்.

விருப்பப் பீஸ் மற்ற இரண்டிலும் இல்லாததைக் காட்ட வேண்டும். பாக்கும் ஹைடனும் விரலையும் மூளையையும் காட்டிவிடும். மிச்சம் இருப்பது தொனியும் பெடலும். ஷோபானின் நாக்டர்ன் ஒன்று, அல்லது பிராம்ஸின் ஓபஸ் 118-இல் இரண்டாவது. உருக்கம் அவளுக்கு ஒத்துவராது என்றால் பார்டாக்கின் ருமேனிய நாட்டுப்புற நடனங்கள், 1915-இல் எழுதியவை. சினிமாப் பாட்டு அரேஞ்ச்மென்ட் வேண்டவே வேண்டாம்.

எதை எடுத்தாலும் அதனோடு ஆறு மாதமாவது பழகியிருக்க வேண்டும். இங்கேதான் நம் கிரேடு முறை மேல் எனக்குக் கோபம் வருகிறது. கிரேடுக்கு மூன்று பீஸ், எட்டு கிரேடுக்கு 24. அதற்கு வெளியே ஒரு பக்கம்கூடத் திறக்காமல் டிஸ்டிங்ஷன் வாங்கிவிடுகிறார்கள். பெற்றோருக்குச் சான்றிதழ், ஆசிரியருக்கு மாணவர் எண்ணிக்கை, வாரியத்துக்குக் கட்டணம். பிள்ளைக்கு ஒரு பீஸைத் தானே தேடி எடுக்கத் தெரியாது. இங்கிலாந்து முறையும் லேசுப்பட்டதல்ல. யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாகப் பெரும்பாலான இசைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் அக்டோபர் தொடக்கத்திலேயே வந்துவிடும். ஆடிஷன் நவம்பர், டிசம்பரில், சரியாக நம் அரையாண்டுத் தேர்வு நேரத்தில். ஆறு கல்லூரிகள் வரை போடலாம், ஆனால் விண்ணப்பக் கட்டணம் போக பல கல்லூரிகள் ஆடிஷன் கட்டணம் தனியாகக் கேட்கும். மூன்றோடு நிறுத்துங்கள்.

ஆடிஷனில் பாதியில் நிறுத்தச் சொல்வார்கள் என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நேரம் போதாமல் பலரையும் அப்படி நிறுத்துவார்கள். அது தெரியாத பிள்ளைகள் அழுதுகொண்டே அடுத்த பீஸைத் தொடங்குகிறார்கள். மிக நன்றாக வருவதை முதலில் வாசிக்கட்டும்.

வீடியோ அனுப்புவதானால் ஒரு பீஸை ஒரே டேக்கில் எடுங்கள். கையும் முகமும் தெரிய வேண்டும். ‘கொஞ்சம் எடிட் பண்ணி ரிவெர்ப் (எதிரொலி) போட்டுத் தருகிறோம்’ என்று வரும் ஸ்டுடியோக்காரர்களை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். வெட்டி ஒட்டியது பயிற்சி பெற்ற காதில் உடனே விழும்.

டிஜிட்டல் பியானோவில் சுரங்களைப் பழகலாம், பெடலைப் பழக முடியாது. மலிவான மாடல்களில் பெடல் ஸ்விட்ச் மாதிரி, இருக்கும் அல்லது இருக்காது. பாதி அழுத்துவது என்பதே கிடையாது. திருச்சியில் பழைய பள்ளிகளும் தேவாலயங்களும் உண்டு. எங்கே நிஜப் பியானோ இருக்கிறது என்று விசாரித்து, வாரத்தில் இரண்டு நாள் வாசிக்க அனுமதி கேளுங்கள். ட்யூனிங் செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கன்சல்டன்சி கேட்டதில் ஒரு சிறு பகுதிதான் அதற்கு ஆகும்.