மலைநாட்டில் ஹொப்ஸ் வளருமா? கேள்வி பதில்

பியருக்குக் கசப்பும் வாசமும் தருகிற ஹொப்ஸ் கொடியை வீட்டுத் தோட்டத்தில் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

ஹட்டன்: எங்கள் ஊர்க் குளிருக்கு ஹொப்ஸ் நன்றாக வரும்தானே அண்ணே?

கொடி வரும் தம்பி, பூதான் சந்தேகம். குளிர் இருந்தால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இந்தக் கொடி பார்ப்பது பகலின் நீளத்தை. ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் கோடையில் 16 மணி நேரம் வெளிச்சம் இருக்கும். அந்தப் பகலில் 5, 6 மீற்றர் ஏறிவிட்டு, பகல் குறையத் தொடங்கியதும் பூக்கும். நமக்கு ஜூன் மாதத்திலேயே பன்னிரண்டரை மணி நேரம்தான். அதனால் நன்றாக ஏறுவதற்கு முன்பே நாலு பூவை விட்டுவிட்டு நின்றுவிடும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, சரி. உயரம் பகலை நீட்டாதே.

பண்டாரவளை: அப்போ வழியே இல்லையா?

இருக்கிறது, கரண்ட் பில்லோடு. பொழுது சாய்ந்ததும் கொடிக்கு மேலே எல்.ஈ.டி பல்பைப் போட்டு இரவு பத்து, பத்தரை வரை எரிய விடுங்கள். கொடி கயிற்றின் உச்சியைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள். அப்புறம் நம் ஊர்ப் பகலே பூக்க வைக்கும். தென்னாபிரிக்காவின் ஜோர்ஜ் பகுதியில் இப்படி விளக்குப் போட்டுத்தான் வளர்த்தார்கள். பிறகு குறுகிய பகலுக்கு ஏற்ற இனங்களை உருவாக்கிக்கொண்டார்கள்.

உங்கள் பக்கம் இன்னொரு வசதியும் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஊவாவில் மழை குறைவு. ஹட்டன், தலவாக்கலையில் அதே மாதங்களில் விடாத மழை, பனிமூட்டம். ஹொப்ஸுக்கு அடிச்சாம்பல் நோய் பெரிய எதிரி. ஈர இலையில்தான் பிடிக்கும். கொடி உயர்ந்ததும் அடியிலிருந்து மூன்றடி வரை இலைகளைக் கிள்ளிவிட்டால் காற்று ஓடும்.

தலவாக்கலை: தேயிலை இருந்த மண். அப்படியே நடலாமா?

வேண்டாம். தேயிலைக்குப் பிடித்த புளிப்பு மண் இதற்கு ஆகாது. மண்ணின் புளிப்பைக் காட்டும் பி.எச் எண் 6க்கு மேல் வேண்டும்; எண் கூடினால் புளிப்புக் குறைவு. புளிப்பைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்புத் தூள் போட்டு, மக்கிய மாட்டெரு கலந்து, தண்ணீர் தேங்காத மேடான பாத்தியில் நடுங்கள். ஏற்றிவிடத் தும்புக்கயிறு அருமை. தண்டிலுள்ள சின்ன முட்கள் அதன் சொரசொரப்பைப் பற்றிக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் கடிகார முள் போகும் பக்கம்தான் சுற்றும். போஞ்சிக்கு எதிர்ப்பக்கம். பழக்கத்தில் போஞ்சி போலச் சுற்றிவிட்டால் அவிழ்ந்து விழும்.

ராகலை: நாற்று எங்கே வாங்குவது? வெளிநாட்டிலிருக்கும் மச்சான் பெட்டியில் வைத்துக் கொண்டு வரலாமா?

கூடாது. வெளிநாட்டுச் செடிக்கு முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முதலில் கட்டுநாயக்கவிலுள்ள தாவரத் தனிமைப்படுத்தல் சேவையில் கேளுங்கள். ஒரு துண்டு கிழங்கோடு வருகிற நோய் நம் தோட்டங்களுக்கு வேண்டாம். கேட்கும்போது பெண் கொடியின் கிழங்காகவே கேளுங்கள். விதையில் ஆணும் வரும். ஆணில் நமக்கு வேண்டிய கூம்புப் பூ இல்லை.

நுவரெலியா: இங்கே வெள்ளைக்காரர் காலத்திலேயே பியர் காய்ச்சினார்களே, ஹொப்ஸ் இல்லாமலா?

சாமுவேல் பேக்கர் 19ஆம் நூற்றாண்டில் உங்கள் ஊரில் காய்ச்சியது உண்மை. ஆனால் பியர் காய்ச்சுகிற ஊரில் ஹொப்ஸ் விளைய வேண்டும் என்றில்லையே. காய்ந்த ஹொப்ஸ் கப்பலில் வந்துவிடும். மலைத் தண்ணீரும் குளிர்ச்சியும் வராது.

வெலிமடை: கஞ்சாவுக்குச் சொந்தமாமே. பக்கத்து வீட்டில் பொலிஸுக்குச் சொல்லிவிட்டால்?

ஒரே குடும்பம்தான் அக்கா, ஆனால் போதை கிடையாது. கஞ்சா இலை விரல் விரலாகப் பிரிந்திருக்கும். இது திராட்சை இலை மாதிரி அகலமானது. பொலிஸை விட நாயைக் கவனியுங்கள். ஹொப்ஸைத் தின்ற நாய்க்கு உடம்பு கொதித்து உயிரே போகலாம். அறுவடைக் கழிவைத் திறந்த குப்பையில் போடாதீர்கள்.

கந்தப்பளை: எப்போது பறிப்பது? வீட்டிலேயே பியர் காய்ச்சலாமா?

கூம்பை விரலால் நசுக்கிப் பாருங்கள். ஈரமாக அமுங்கினால் இன்னும் பிஞ்சு. காகிதம் போலச் சரசரத்து, உள்ளே மஞ்சள் தூள் தெரிந்து, கையில் வாசம் ஒட்டினால் பறியுங்கள். நிழலில் காற்றோட்டமாகக் காய வையுங்கள். பியர் காய்ச்ச மதுவரித் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும், வீட்டுக்கென்றாலும்தான். ஒரு சிட்டிகை போட்டு வெந்நீரில் கஷாயமாகக் குடிக்கத் தடை இல்லை. கசக்கும்.