கழுதைக்கு மயக்க ஊசி: முதலில் நாடா, பிறகு மருந்து

கேள்வி: ஐயா, பண்ணைக்காடு பக்கம் மலைவாழையும் காப்பியும் போட்டிருக்கிறோம். தோட்டத்துக்கு ஜீப் பாதை கிடையாது. தாரும் மூட்டையும் ஏற்ற இரண்டு ஆண் கழுதையும் ஒரு கோவேறு கழுதையும் வைத்திருக்கிறோம். போன மாதம் டாக்டர் வந்து ஒரு கழுதைக்கு நரம்பில் மயக்க ஊசி போட்டுக் காயடித்தார். குதிரைக் கணக்கில்தான் போட்டேன் என்றார். பத்து நிமிடத்திலேயே காலை உதறியது, மறுபடி ஊசி போட வேண்டியதாயிற்று. கழுதைக்கு மயக்க மருந்து பிடிக்காதா? மற்ற இரண்டுக்கும் செய்ய வேண்டும். அடிவாரத்தில் ஒரு மருந்துக்கடைக்காரர் அதே மருந்தை வாங்கித் தந்து ஆளும் அனுப்புகிறேன் என்கிறார். செய்யலாமா? காயடித்த கழுதை இரண்டு நாள் தீனி எடுக்கவில்லை, பிறகு சரியாகிவிட்டது.

பதில்: தம்பி, உங்கள் டாக்டர் மேல் குறையில்லை. மயக்கிப் படுக்க வைக்கும் கெட்டமின் மருந்தைக் கழுதையின் உடம்பு குதிரையைவிட வேகமாகக் கரைத்து வெளியேற்றிவிடும். முதலில் அமைதிப்படுத்தும் சைலசின் மருந்தை உடல் எடையில் கிலோவுக்கு 1.1 மில்லிகிராம் போட்டு, தலை நன்றாகத் தொங்கிய பிறகு 2.2 மில்லிகிராம் கெட்டமின் போட்டால் குதிரை பதினைந்து, இருபது நிமிடம் கிடக்கும். கழுதை பத்து நிமிடத்தில் அசைய ஆரம்பிக்கும். அடுத்த ஊசியை உறிஞ்சித் தயாராக வைத்துக்கொண்டுதான் கத்தியை எடுக்க வேண்டும். கோவேறு கழுதை இன்னும் ஒரு படி மேலே. அதற்கு சைலசினே ஒன்றரை மடங்கு, அதாவது 1.6 மில்லிகிராம் வரை தேவைப்படும். தசையைத் தளர்த்த ரத்த நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றும் குவாய்ஃபெனசினோ நேர்மாறு. கழுதைக்குக் குதிரையைவிடக் குறைவாகவே போதும், குதிரைக்கு விடுகிற வேகத்தில் விட்டால் மூச்சு நின்றுபோகும். இதை அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள், தவறாக நினைக்க மாட்டார். மலையில் மாடும் ஆடும் பார்த்தே நாள் ஓடுகிறவருக்குக் கழுதை எப்போதாவது ஒன்றுதான் வரும்.

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி வேறு. அந்தக் கழுதை எத்தனை கிலோ? உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. மேலே சொன்னதெல்லாம் கிலோவுக்கு இவ்வளவு என்ற கணக்கு. கிலோ தெரியாதபோது அந்தக் கணக்குக்கு என்ன மதிப்பு? வேலைக்குச் சேர்ந்த புதிதில், தாண்டிக்குடிப் பக்கம் ஒரு கழுதையைக் கண்ணால் பார்த்து 150 கிலோ என்று முடிவுகட்டி ஊசி போட்டேன். குளிருக்கு அடர்ந்த முடி, புல் தின்று தொங்கிய வயிறு, இரண்டும் என்னை ஏமாற்றிவிட்டன. அது எழுந்திருக்க இருட்டும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் அளந்தால் 104 கிலோ. அன்றிலிருந்து பையில் தையற்காரர் நாடா இல்லாமல் நான் எந்தக் கழுதையையும் தொட்டதில்லை.

அளப்பது சுலபம். சமதரையில் நிறுத்துங்கள். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், மாட்டுக்குத் திமில் இருக்கும் இடத்தின் வழியாக நாடாவைச் சுற்றி, மூச்சு விடும் நேரத்தில் படியுங்கள். 1996-ல் மொராக்கோவில் பொதி சுமக்கும் கழுதைகளை அளந்து வெளியான கணக்குப்படி, சுற்று 100 செ.மீ. என்றால் சுமார் 91 கிலோ, 105 என்றால் 104, 110 என்றால் 117, 115 என்றால் 132. ஐந்து செ.மீ. கூடினால் பதிமூன்றிலிருந்து பதினைந்து கிலோ வரை கூடுகிறது, பாருங்கள். குதிரைக்கு என்று விற்கும் எடை நாடாவை வாங்காதீர்கள், கழுதைக்கு அது தப்பாகக் காட்டும். மாதம் ஒருமுறை அளந்து தொழுவத்துச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். வயிற்றுப் பூச்சி மருந்துக்கும் அதே எண்தான் வேண்டும்.

மருந்துக்கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். கெட்டமின் 2013-லிருந்து எக்ஸ் அட்டவணையில், அதாவது கடும் கட்டுப்பாடுள்ள மருந்துகளின் பட்டியலில் இருக்கிறது. டாக்டர் சீட்டில்லாமல் அதை எடுத்துத் தருகிற கடை உங்களுக்கு வேறு என்னவெல்லாம் தரும்? சைலசின் பாட்டிலிலும் மில்லிக்கு 20 மில்லிகிராம் உண்டு, 100 மில்லிகிராமும் உண்டு. அவர் அனுப்பும் ஆள் லேபிளைப் படிப்பாரா? பெரும்பாலும் மாட்டுக்குப் போட்டுப் பழகிய கை அது. மாட்டுக்குக் குதிரை அளவில் பத்தில் ஒரு பங்கே போதும். அந்தப் பழக்கத்தில் போட்டால் கழுதை பாதி மயக்கத்தில் நின்று உதைக்கும். கழுதையின் கழுத்தில் நடுப்பகுதியில் ஊசி போடும் ரத்த நரம்பின் மேல் தசை மூடியிருக்கும், தோலும் தடிப்பு. ஊசி தப்பித் தமனியில் இறங்கினால் அந்த நொடியே வலிப்பு வந்து விழும். காயடிக்கும்போதும் கழுதைக்குக் குதிரையைவிட ரத்தம் கூடுதலாக வரும். ரத்தக் குழாயைக் கட்டத் தெரியாதவர் கையில் கொடுக்காதீர்கள். டெட்டனஸ் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டு வையுங்கள்.

கடைசி வரியில் போகிற போக்கில் இரண்டு நாள் தீனி எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குப் பதறிவிட்டது. பட்டினி கிடந்தால் கழுதையின் உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து ரத்தத்தில் இறங்கி ஈரலை அடைத்துவிடும். கொழுத்த கழுதைக்கு ஆபத்து இன்னும் அதிகம், முற்றினால் காப்பாற்றுவது கடினம். கழுதை வலியை வெளியே காட்டாது, தலையைத் தொங்கப் போட்டு நிற்கும், அவ்வளவுதான். ஆகவே ஊசிக்கு முந்தைய இரவெல்லாம் பட்டினி போடாதீர்கள். தெளிந்து நின்றதும் கொஞ்சம் பச்சைப் புல் காட்டுங்கள். அன்று மாலைக்குள் வாய் வைக்காவிட்டால் டாக்டரைக் கூப்பிடுங்கள், அவர் கிடைக்காவிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-ஐ அழையுங்கள்.

அடுத்த முறை வெயில் ஏறும் காலையில், சரிவில்லாத புல்தரையில் செய்யச் சொல்லுங்கள். படுத்ததும் முகக்கயிற்றைக் கழற்றிவிடுங்கள், அழுத்தினால் முகத்து நரம்பு செத்துப்போகும். கண்ணைத் துணியால் மூடி, மேலே சாக்குப் போர்த்துங்கள். மற்ற இரண்டையும் அது பார்க்கும் தூரத்திலேயே கட்டுங்கள், துணையைக் காணாவிட்டால் கழுதை தீனியை விட்டுவிடும். தெளியும்போது நெஞ்சை ஊன்றி வெகுநேரம் சும்மா படுத்திருக்கும், குதிரை மாதிரி பதறி எழாது. வாலை முறுக்கி எழுப்ப யாரையும் விடாதீர்கள்.

மூன்றின் மார்புச் சுற்றையும் அளந்து எழுதுங்கள். காயடித்தது இப்போது முன்போலத் தின்கிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.