வீட்டிலேயே படிக்கும் பிள்ளையும் அக்கம்பக்கத்துப் பார்வையும்: கேள்வி பதில்

பத்தொன்பது ஆண்டுகள் பள்ளியில் கணக்கு நடத்தினேன். இப்போது பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்கிறேன். இரண்டு தரப்பிடமும் திட்டு வாங்கியவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன்.

ஒரு தாய்: உறவினர்கள் வரும்போதெல்லாம் என் மகனை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

அந்தப் பரீட்சையை நேரில் பார்த்திருக்கிறேன். பத்து வயதுப் பையன், மடியில் பிரித்துப்போட்ட கடிகாரம். சித்தப்பா வந்தவுடன், "பதினேழாம் வாய்ப்பாடு சொல், பார்க்கலாம்" என்றார். பையன் ஆறு வரை வந்து நின்றுவிட்டான். சித்தப்பா அவன் அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பள்ளிக்குப் போகும் அவருடைய சொந்த மகன், அடுத்த கேள்வி தன்மேல் பாய்ந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பள்ளிப் பிள்ளை தடுமாறினால் பிள்ளை மக்கு. வீட்டுப் பிள்ளை தடுமாறினால் பெற்றோர் மக்கு. உறவினர்கள் எடைபோடுவது உங்கள் முடிவைத்தான். மகனைச் சாட்சியாக நிறுத்தாதீர்கள். "அந்தக் கடிகாரம் ஏன் ஓடவில்லை என்று அவனைக் கேளுங்கள்" என்று பேச்சைத் திருப்பிவிடுங்கள்.

ஒரு கல்லூரி மாணவர்: பொதுமக்கள் கருத்து உண்மையிலேயே மாறியிருக்கிறதா?

அமெரிக்காவில் மாறியது, அதற்குக் கணக்கும் இருக்கிறது. ஃபை டெல்டா கப்பா என்ற கல்வியாளர் அமைப்பும் கேலப் நிறுவனமும் சேர்ந்து எடுத்த கணிப்பில், 1985இல் வீட்டுக்கல்வி கெடுதல் என்றவர்கள் 73 சதவீதம், நல்லது என்றவர்கள் 16. 2001இல் அது 54க்கு 41 ஆனது. அப்போதும் எதிர்ப்புத்தான் அதிகம் என்பதை வீட்டுக்கல்வி ஆதரவாளர்கள் சொல்ல மறந்துவிடுவார்கள்.

இடையிலும் அதற்குப் பிறகும் என்ன நடந்தது? 1993க்குள் ஐம்பது மாநிலங்களிலும் அது சட்டபூர்வமானது. 1999இல் சுமார் எட்டரை லட்சமாக இருந்த பிள்ளைகள் 2012இல் பதினேழு லட்சத்தைத் தாண்டினார்கள். அதாவது, அப்படி ஒரு குடும்பத்தைத் தெரிந்தவர்கள் பெருகினார்கள். தெரியாதவரை அது ஒரு கொள்கை. தெரிந்தபின் அது எதிர்வீட்டுப் பெண். வாதத்தைவிட இதுதான் மனத்தை மாற்றியது என்பது என் எண்ணம்.

2020இல் பெருந்தொற்று வந்தது. அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அமைப்பின் ஆய்வில், வீட்டுக்கல்வி தரும் குடும்பங்கள் வசந்தத்தில் 5.4 சதவீதம், இலையுதிர்காலத்தில் 11.1. பள்ளி நடத்திய இணைய வகுப்பை யாரும் இதில் சேர்த்துவிடக் கூடாது என்று கேள்வியைத் திருத்திக் கேட்டபிறகு வந்த எண் இது.

மதப்பற்று உள்ளவர்கள்தானே இப்படிச் செய்கிறார்கள்?

1980களில் அந்தப் பேச்சுக்கு ஆதாரம் இருந்தது. 2016 அமெரிக்க ஆய்வில் முதன்மைக் காரணமாக மதபோதனையைச் சொன்னவர்கள் 16 சதவீதம். பள்ளிச் சூழல் பற்றிய கவலையைச் சொன்னவர்கள் 34.

ஒரு சட்ட மாணவி: ஜெர்மனியில் தடை, பக்கத்திலுள்ள டென்மார்க்கில் அனுமதி. ஏன் இப்படி?

டென்மார்க் அரசமைப்பு கல்வியைக் கட்டாயமாக்குகிறது, பள்ளியை அல்ல. ஜெர்மனி பள்ளியையே கட்டாயமாக்குகிறது. வெவ்வேறு நம்பிக்கை கொண்ட பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்காராவிட்டால் சமூகம் தனித்தனித் தீவுகளாகிவிடும் என்பது ஜெர்மன் நீதிமன்றங்களின் வாதம். 2006இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்றது. 2013இல் நான்கு பிள்ளைகளை மூன்று வாரம் பெற்றோரிடமிருந்து அதிகாரிகள் பிரித்து வைத்ததையும், 2019இல் அதே நீதிமன்றம் உரிமைமீறல் அல்ல என்றது. எனக்கு அந்தத் தீர்ப்பு கசக்கிறது. ஒரே பெஞ்சு என்ற வாதத்தை மட்டும் எளிதில் தள்ள முடியவில்லை.

ஸ்வீடன் 2010 சட்டத்தால் கதவை ஏறக்குறைய மூடிவிட்டது. பிரான்ஸில் 2022 முதல் தகவல் கொடுத்தால் போதாது, முன்அனுமதி வேண்டும். இரு தரப்பும் துணைக்கு அழைப்பது ஒரே ஆவணத்தை. உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 26ஆம் பிரிவில் தொடக்கக் கல்வி கட்டாயம் என்ற வரியும் இருக்கிறது. கல்வியின் வகையைத் தேர்ந்தெடுக்கும் முன்னுரிமை பெற்றோருக்கே என்ற வரியும் இருக்கிறது.

பழகத் தெரியாமல் வளர்ந்துவிட மாட்டார்களா?

ஆண்டின் நடுவில் என் எட்டாம் வகுப்புக்கு ஒரு பெண் வந்தாள், அதுவரை வீட்டில் படித்தவள். யாரோடு பழகுவதிலும் சிரமம் இல்லை. அவள் திணறியது கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில். நான் அழிக்கும் வேகத்துக்கு அவள் கை ஓடவில்லை. அதுவரை அதற்குத் தேவையே இருந்ததில்லை. மூன்றாம் நாள் பக்கத்துப் பெண், பார்த்து எழுதிக்கொள்ளத் தன் நோட்டை அவள் பக்கம் தள்ளி வைத்தாள். மணி அடித்ததும் பாதிக் கணக்கை ஏன் நிறுத்துகிறோம் என்று புதிதாக வந்தவள் என்னைக் கேட்டாள். இன்றுவரை நல்ல பதில் கிடைக்கவில்லை.

கூச்சமான பிள்ளைகள் இரண்டு இடத்திலும் உண்டு. இந்தக் கேள்விக்கு இவ்வளவு போதும்.

ஓர் ஆசிரியை: இந்தப் பெற்றோர் எங்கள் தொழிலையே அவமதிக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

எனக்கும் தோன்றியது, மேடம். சிலர் உண்மையிலேயே அவமதிக்கவும் செய்கிறார்கள்; என்னை முகத்துக்கு நேரே "தொழிற்சாலை மேற்பார்வையாளர்" என்றவர் உண்டு. ஆனால் இந்த இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவரான ஜான் ஹோல்ட் உங்களைப் போல வகுப்பறையில் நின்றவர். பள்ளியைத் திருத்தத்தான் முதலில் முயன்றார். அது நடக்காதென்று முடிவுசெய்த பிறகே, 1977இல் வீட்டுக்கல்விக் குடும்பங்களுக்காக இதழ் தொடங்கினார்.

வீட்டில் படித்தவர்கள் தேர்வில் முந்துகிறார்களாமே?

தாமாக முன்வந்து தேர்வு எழுதியவர்களின் மதிப்பெண் அது. முன்வராதவர்களை யார் எண்ணினார்கள்?

பக்கத்து வீட்டுப் பையன் பள்ளிக்குப் போவதில்லை. புகார் கொடுக்கலாமா?

வீட்டுக்கல்விமேல் சொல்லப்படும் குறைகளில் நான் முழுமையாக ஏற்கும் ஒன்று இதில் இருக்கிறது. பள்ளியில் தினமும் நான்கைந்து பெரியவர்கள் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறார்கள். கையில் காயம் இருந்தால் யாராவது கேட்பார்கள். வீட்டில் அந்தக் கண்கள் இல்லை. பெரும்பாலான குடும்பங்களுக்கு அவை தேவைப்படுவதில்லை. தேவைப்படும் சில வீடுகளை வெளியிலிருந்து அடையாளம் காண்பதுதான் கடினம். ஆகவே பதிவையும் ஆண்டுக்கு ஒருமுறை நேரில் சந்திப்பதையும் எதிர்க்கும் பெற்றோரோடு நான் ஒத்துப்போவதில்லை.

நீங்கள் சொல்லும் பையன் காலை பத்து மணிக்கு வாசலில் சைக்கிள் ஓட்டுகிறான் என்றால் அது புகார் அல்ல. என்ன படிக்கிறாய் என்று கேளுங்கள், சொல்வான். மாதக்கணக்கில் அவனைக் கண்ணிலேயே காணவில்லை, கேட்டால் மழுப்புகிறார்கள் என்றால், குழந்தைப் பாதுகாப்பு அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அவன் பள்ளிக்குப் போகிறவனாக இருந்தாலும் அதையே செய்யுங்கள்.