ஆப்கன் பெண்களின் படிப்பு: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

2022 கடைசியிலிருந்து வாரத்தில் மூன்று மாலை, ஆப்கானிஸ்தானில் வீட்டோடு முடங்கிப்போன பெண் பிள்ளைகளுக்கு இணையம் வழியாகக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கிறேன். இது தெரிந்தவர்கள் கேள்வி மேல் கேள்வியாக அனுப்பிக்கொண்டே இருந்ததால், எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். என் பிள்ளைகளின் பெயர், ஊர் எதையும் சொல்ல மாட்டேன், ஏன் என்பது கீழே வரும்.

குமரன், திருநெல்வேலி: அக்கா, பெண்கள் படிக்கவே கூடாது என்கிறார்களா, இல்லை ஏதோ ஒரு வகுப்பு வரை விடுகிறார்களா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

ஆறாம் வகுப்பு வரை விடுகிறார்கள் தம்பி, அதற்கு மேல் கிடையாது. 2021 ஆகஸ்ட் 15 அன்று தலிபான் காபூலைப் பிடித்தது. அடுத்த மாதமே ஏழாம் வகுப்பு முதல் ஆண் பிள்ளைகள் பள்ளிக்கு வரலாம் என்று அறிவித்தார்கள், பெண் பிள்ளைகளைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. 2022 மார்ச் 23 அன்று திறக்கிறோம் என்றார்கள். பிள்ளைகள் கறுப்பு உடையும் வெள்ளை முக்காடுமாக வந்து வகுப்பில் உட்கார்ந்த சில மணி நேரத்தில் வீட்டுக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே வருடம் டிசம்பர் 20 அன்று பல்கலைக்கழகக் கதவும் சாத்தப்பட்டது. 2024 டிசம்பரில் நர்ஸ், மருத்துவச்சி படிப்பும் போனது. எனக்கு ஆறவே ஆறாதது அதுதான். பல இடங்களில் பெண்ணை ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்கிறார்கள், பெண் டாக்டரோ நர்ஸோ புதிதாக வரவும் விட மாட்டோம் என்கிறார்கள், அப்போ பிரசவ வலியில் துடிப்பவளை யார் பார்ப்பது?

இப்படிப் படிப்பை இழந்தவர்கள் என்று 2025 மார்ச்சில் யுனிசெஃப் சொன்ன கணக்கு 22 லட்சம் பெண் பிள்ளைகள். இந்த எண்ணிக்கையைவிட என்னை உலுக்கியது வேறொன்று. ஆறாம் வகுப்பு ஆண்டுத் தேர்வில் சில பிள்ளைகள் வேண்டுமென்றே ஃபெயில் ஆகிறார்கள். விடை தெரியாமல் இல்லை, இன்னும் ஒரு வருடம் பள்ளிக்கூட வாசலை மிதிக்கலாமே என்றுதான்.

நசீமா, காயல்பட்டினம்: இதை வைத்து எங்கள் மார்க்கத்தையே குறை சொல்கிறார்கள், மனசு வலிக்கிறது. நான் என்ன பதில் சொல்வது?

நீங்கள் பதில் தேடவே வேண்டாம் நசீமா, காபூலிலேயே ஒரு பெண் சொல்லிவிட்டாள். பல்கலைக்கழகத்தை மூடிய ஐந்தாம் நாள், அதன் வாசலுக்கு எதிரே பதினெட்டு வயதுப் பெண் தன்னந்தனியாக ஒரு அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதில் அரபியில் ஒரே ஒரு சொல், 'இக்ரா'. ஓதுவாயாக என்று குர்ஆனில் இறங்கிய முதல் சொல் அது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காவலுக்கு நின்றவர்கள் கண்டபடி ஏசினார்கள், அவள் அசையவில்லை. அவளுடைய அக்காவோ தங்கையோ காருக்குள் இருந்து படம் பிடித்ததால்தான் நமக்கே தெரிந்தது.

எகிப்தில் இருக்கும் பெரிய இஸ்லாமியக் கல்வி நிலையமான அல் அஸ்ஹரின் தலைமை இமாம் அகமது அல் தய்யிப், இந்தத் தடை ஷரியாவுக்கே முரணானது என்று அந்த மாதமே சொல்லிவிட்டார். தலிபானுக்குள்ளேயே வெளியுறவுத் துணை அமைச்சராக இருந்த அப்பாஸ் ஸ்டானிக்சாய், 2025 ஜனவரியில் மேடையில் வைத்தே இதற்கு எந்த நியாயமும் இல்லை என்றார், அப்புறம் நாட்டில் இருக்க முடியாமல் அமீரகம் போய்விட்டார். ஆக, இது அந்த மக்களின் மார்க்கமோ பண்பாடோ அல்ல. அதிகாரத்தில் உட்கார்ந்திருக்கும் சிலருடைய முடிவு.

ராஜேஷ், கோவை: தடை இருக்கும்போது எப்படித்தான் படிக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு மட்டும் நாள் முழுக்க எழுதுவேன்.

முதலில் வீட்டுப் பள்ளி. ஒரு டீச்சர், அவர் வீட்டு உள்ளறை, பத்துப் பதினைந்து பிள்ளைகள். எல்லோரும் ஒரே நேரத்தில் வர மாட்டார்கள், இரண்டிரண்டு பேராக இடைவெளி விட்டு வருவார்கள், யாராவது கேட்டால் குர்ஆன் ஓதப் போகிறோம், தையல் பழகப் போகிறோம் என்பார்கள். இதை அவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. தலிபானின் முதல் ஆட்சியில், 1996 முதல் 2001 வரை, ஹெராத் நகரில் 'தங்க ஊசி தையல் பள்ளி' என்று ஒன்று நடந்தது. புர்காவுக்குள் துணியும் நூலும், அதற்கு அடியில் நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொண்டு பெண்கள் வருவார்கள். உள்ளே பேராசிரியர் முகமது அலி ரஹ்யாப் இலக்கியம் நடத்துவார். வாசலில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள், அவர்கள்தான் காவல். ஆள் வருவது தெரிந்தால் உள்ளே தகவல் போகும், புத்தகம் மறையும், ஊசி கைக்கு வரும். அங்கே படித்து வந்தவர்தான் கவிஞர் நாதியா அஞ்சுமன். 2005-இல், கணவர் தன்னை அடித்த இரவில், இருபத்தைந்து வயதுகூட நிறையாமல் இறந்துபோனார். அவருடைய கவிதைகளை ஆப்கன் பெண்கள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதே காலத்தில் சகீனா யாகூபி தொடங்கிய அமைப்பு 80 இரகசியப் பள்ளிகளில் 3,000 பிள்ளைகளைப் படிக்க வைத்தது. இன்றைய டீச்சர்களில் பலர் அன்று அப்படி ஒளிந்து படித்த பிள்ளைகள்தான்.

அடுத்தது ரேடியோ. 2021 மார்ச் 8 மகளிர் தினத்தன்று ஹமீதா அமான் காபூலில் 'ரேடியோ பேகம்' தொடங்கினார், பள்ளிகள் மூடியதும் அது பாடத்தை ஒலிபரப்ப ஆரம்பித்தது. போன் இல்லாத வீட்டிலும் ரேடியோ இருக்கும், அம்மாவும் பாட்டியும் சேர்ந்து கேட்கலாம் என்பதால் எனக்கு இதன்மேல் தனி மரியாதை. 2024 மார்ச் 8 அன்று பாரீசிலிருந்து 'பேகம் டிவி'யும் வந்தது. 2025 பிப்ரவரியில் ரேடியோ நிலையத்தைச் சோதனை போட்டு நிறுத்தினார்கள், அந்த மாதக் கடைசியிலேயே மறுபடி அனுமதி வாங்கிவிட்டார்கள். காந்தகாரைச் சேர்ந்த பஷ்தானா துரானி 2018-இல் தொடங்கிய 'லேர்ன்' அமைப்பு, பாடங்களை டேப்லெட்டில் ஏற்றிக் கொடுத்தது. இன்டர்நெட் இல்லாமலே ஓடும்.

கடைசியில்தான் எங்களைப் போன்ற ஆட்கள். என் வகுப்பில் ஒருத்தி குளிர்காலம் முழுக்க சந்தலிக்கு அடியிலிருந்துதான் வருவாள். சந்தலி என்பது தணல் வைத்த குட்டை மேசை, மேலே பெரிய ரஜாய் போர்த்தியிருக்கும், குடும்பமே அதற்குள் காலை நீட்டிக்கொண்டு உட்காரும். அவள் அதற்குள் போனை வைத்துக்கொண்டு, பேசினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்பதால் 'ஹாஸிர்' என்று எழுதித்தான் வருகை சொல்வாள். போன் அண்ணனுடையது, எட்டு மணிக்குத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இருபடிச் சமன்பாடு போட்டு நோட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். அண்ணனின் பழைய நோட்டு, அவன் எழுதி முடித்த பக்கங்களின் ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில் பொடி எழுத்தில் எட்டுக் கணக்கு, எட்டும் சரி.

2025 செப்டம்பர் 29 அன்று நாடு முழுக்க இன்டர்நெட்டை நிறுத்தியபோது என் திரையில் ஒரு பெயர்கூட இல்லை. இரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்ததும் அவள் முதலில் கேட்டது, 'வீட்டுப்பாடத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறதா?'

மாலதி, சேலம்: எங்கள் கல்லூரியில் 'குரலற்றவர்களின் குரல்' என்று ஒரு நிகழ்ச்சி நடத்துகிறோம். என்ன பேசலாம்?

தலைப்பை முதலில் மாற்றுங்கள் மாலதி. கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர்கள் குரலற்றவர்கள் அல்ல. ஆப்கானிஸ்தானின் பஷ்தூன் இனப் பெண்களிடம் 'லண்டை' என்று ஒரு பாட்டு வடிவம் உண்டு. நம் குறள் மாதிரி இரண்டே அடி, முதலடியில் ஒன்பது அசை, இரண்டாம் அடியில் பதின்மூன்று. காதல், போர், பிரிவு, கிழட்டு மாப்பிள்ளை என்று எதையும் அவர்கள் அதில் விட்டுவைக்கவில்லை, யார் கட்டியது என்று பெயர் மட்டும் இருக்காது. 2024 ஆகஸ்டில் வந்த ஒழுக்கச் சட்டம் பெண்ணின் குரலே மறைக்கப்பட வேண்டியது, வெளியே பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது என்றது. அந்த மாதமே நாட்டுக்குள்ளிருந்தும் வெளியிலிருந்தும் பெண்கள் பாடிப் பாடி வீடியோ போட்டார்கள். சிலர் முகம் மூடிப் பாடினார்கள்.

இன்னொன்றும் பேசுங்கள். 2017-இல் ஹெராத்தில் லாலே ஒஸ்மானி என்ற பெண்ணும் தோழிகளும் 'என் பெயர் எங்கே?' என்று கேட்டார்கள். அங்கே பெண்ணின் பெயரை வெளியே சொல்வது பல குடும்பங்களில் மானக்கேடு. கல்யாணப் பத்திரிகையில் மணமகள் பெயர் இருக்காது, கல்லறையில்கூட இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றுதான் இருக்கும். மூன்று வருடம் விடாமல் பேசி, எழுதி, திட்டு வாங்கி, 2020 செப்டம்பரில் அடையாள அட்டையில் தாயின் பெயரும் சேர்க்கலாம் என்று சட்டத்தையே திருத்த வைத்தார்கள். கட்சி, பணம் எதுவும் அவர்கள் பின்னால் இல்லை.

அருண், சென்னை: ஆப்கன் கிரிக்கெட் அணியைப் புறக்கணிக்க வேண்டுமா?

எனக்கு இதில் இரண்டு மனசு அருண். 2020 நவம்பரில் ஆப்கன் கிரிக்கெட் வாரியமே 25 பெண்களை ஒப்பந்தம் செய்தது. தலிபான் வந்ததும் பெரும்பாலோர் தப்பி ஆஸ்திரேலியா போனார்கள், 2025 ஜனவரி 30 அன்று மெல்போர்னில்தான் ஒன்றாகச் சேர்ந்து முதல் ஆட்டம் ஆடினார்கள். ரஷீத் கானும், மருத்துவப் படிப்புத் தடையைத் திரும்பப் பெறுங்கள் என்று வெளிப்படையாக எழுதினார். ஆண்கள் அணியை ஒதுக்குவதைவிட அந்தப் பெண்களை ஐசிசி ஒரு அணியாக அங்கீகரிக்கக் கேட்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

பெயர் வேண்டாம், திருச்சி: நம் ஊரிலேயே பெண் பிள்ளைகளுக்கு ஆயிரம் பிரச்சினை. உங்களுக்கு ஏன் ஆப்கானிஸ்தான்?

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் சனிக்கிழமை சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டும் ஒரே கரும்பலகைதான்.

தேவி, மதுரை: நாங்கள் சத்தம் போட்டால் ஏதாவது மாறுமா?

மாறும், ஆனால் அளவு தெரிந்து எதிர்பாருங்கள். 2025 அக்டோபர் 10 அன்று டெல்லி வந்த தலிபான் வெளியுறவு அமைச்சர் முத்தகி நடத்திய செய்தியாளர் சந்திப்பில் ஒரு பெண் நிருபரும் இல்லை. நம் பத்திரிகையாளர்கள் எழுப்பிய எதிர்ப்பில் இரண்டே நாளில் இன்னொரு சந்திப்பு வைத்தார்கள், பெண் நிருபர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து முகத்துக்கு நேரே பெண் கல்வியைப் பற்றிக் கேட்டார்கள். 2025 ஜூலை 8 அன்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம், பெண்களை ஒடுக்கியதற்காகத் தலிபானின் உச்சத் தலைவர் ஹிபத்துல்லா அகுந்த்சாதாவுக்கும் தலைமை நீதிபதி ஹக்கானிக்கும் பிடியாணை போட்டது. ஆப்கன் பெண்கள் பதிவுசெய்து சேர்த்த சாட்சியங்கள் இல்லாமல் இப்படி ஒன்று நடந்திருக்காது.

செய்ய வேண்டியது என்று கேட்டால், ஆப்கன் பெண்களே நடத்தும் ருக்‌ஷானா மீடியா, சான் டைம்ஸ் இரண்டையும் படியுங்கள், அவர்கள் எழுதியதைத் தமிழில் சொல்லுங்கள், அவர்கள் பெயரோடு. செய்யக் கூடாதது, உள்ளே இருக்கும் பெண்ணின் முகம், தெரு, பள்ளிக்கூடச் சுவர் தெரியும் படத்தைப் பகிர்வது. நல்லெண்ணத்தோடு நீங்கள் பகிர்வீர்கள், கதவைத் தட்டுவது அவள் வீட்டில். பெண் கல்விக்காக ஊர் ஊராகப் புத்தகம் கொண்டுபோன மதியுல்லா வெசா ஓர் ஆண், நாடறிந்த மனிதர், அவரையே 2023 மார்ச்சில் பிடித்து ஏழு மாதம் சிறையில் வைத்தார்கள்.

கல்லூரியில் வேலை செய்பவர்கள் ஒன்று கேளுங்கள். நம் சென்னை ஐஐடியில் சேர்ந்த ஆப்கன் மாணவி ஒருவர் தலிபான் வந்ததால் இங்கே வர முடியாமல், வீட்டிலிருந்தே கெமிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக். முடித்தார். பேராசிரியர்கள் மனசு வைத்தார்கள், நடந்தது. உங்கள் கல்லூரியிலும் அப்படி ஒரு இடம் கொடுக்க முடியுமா என்று நிர்வாகத்திடம் கேட்டுப் பாருங்கள்.

சுந்தரம், தஞ்சாவூர்: நான் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். அவர்கள் மொழி தெரியாது. சொல்லிக்கொடுக்க முடியுமா, அம்மா?

தாராளமாக முடியும் ஐயா. எளிய ஆங்கிலம் போதும், 'குப்' என்றால் நல்லது, 'ஆஃபரீன்' என்றால் சபாஷ், இரண்டு வார்த்தையில் பிள்ளைகள் மலர்ந்துவிடுவார்கள். ஆறு மாதமாவது விடாமல் வர முடிந்தால் மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள், பாதியில் நின்றுபோன டீச்சர்களை அவர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள். கேமராவைப் போடச் சொல்லாதீர்கள், வகுப்பைப் பதிவுசெய்யாதீர்கள், ஊர் கேட்காதீர்கள். டேட்டா விலை அதிகம், அதனால் வீடியோவைவிடச் சின்னச் சின்னக் குரல் பதிவுகளாகவும் கையால் எழுதிய பக்கத்தின் படமாகவும் அனுப்புங்கள். இங்கே ஏழரை என்றால் அங்கே ஆறரை. வெள்ளிக்கிழமை அவர்களுக்கு விடுமுறை. என் வகுப்பில் மூன்று பேர் ஒளியியல் நடத்த ஆள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், வருகிற சனிக்கிழமை தொடங்க முடியுமா என்று சொல்லுங்கள்.