கால்தானே தளர்ந்திருக்கிறது, ஐசியு எதற்கு?

கேள்வி: என் அண்ணனுக்கு 38 வயது. சாதாரண வைரஸ் காய்ச்சல்தான், வந்து போய்விட்டது. பத்து நாள் கழித்துப் பாதம் மரத்துப்போச்சு என்றார், அடுத்த மூன்றே நாளில் படியேற முடியவில்லை. 'கில்லன்-பாரே சிண்ட்ரோம்' என்று சொல்லி ஐசியுவில் வைத்திருக்கிறார்கள். நன்றாகத்தான் பேசுகிறார், மூச்சுத்திணறல் இல்லை. பிறகு எதற்கு ஐசியு?

பதில்: அங்கே வைத்ததுதான் சரி. இந்த நோயில் தளர்ச்சி பெரும்பாலும் காலில் ஆரம்பித்து மேலே ஏறும், இடுப்பு, கை, முகம் என்று போய் மூச்சுவிடும் தசைகளையும் பிடிக்கலாம். நான்கைந்து பேரில் ஒருவருக்காவது வென்டிலேட்டர் தேவைப்படுகிறது. விரலில் மாட்டும் கருவி 98 என்று காட்டுகிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது, ஆக்சிஜன் குறைவது கடைசியில்தான், தசை அதற்கு முன்பே களைத்துவிடும். அதனால்தான் அடிக்கடி ஊதச் சொல்லி அளக்கிறார்கள், ஒரே மூச்சில் எண்ணச் சொல்கிறார்கள். நேற்று 35 வரை சொன்னவர் இன்று 20-க்கே திணறினால் அது ஆபத்துக்கான முன்னறிவிப்பு. இன்னொன்று, ரத்த அழுத்தமும் இதயத்துடிப்பும் திடீரென்று ஏறி இறங்கும், அதற்கும் கண்காணிப்பு வேண்டும்.

காய்ச்சல் போன பிறகு ஏன் வந்தது என்றால், கிருமியை அடிக்கக் கிளம்பிய எதிர்ப்பு சக்தி, அதே சாயலில் இருக்கும் நம் நரம்பைத் தாக்கிவிடுகிறது. மின்கம்பிக்கு மேலுறை மாதிரி நரம்புக்கு மயலின் என்ற உறை உண்டு, பலருக்கு அடி விழுவது அதில்தான். வைரஸ் மட்டுமல்ல, வயிற்றுப்போக்கு தரும் கேம்பிலோபேக்டர் என்ற பாக்டீரியாவுக்குப் பிறகும் இது நிறைய வருகிறது. அபூர்வமான நோய்தான், ஆண்டுக்கு லட்சத்தில் ஒருவர் அல்லது இருவர். 1916-லேயே பிரெஞ்சு மருத்துவர்கள் இரண்டு ராணுவ வீரர்களிடம் இதைப் பார்த்து எழுதினார்கள், முதுகுத் தண்டுநீரில் செல்கள் கூடாமல் புரதம் மட்டும் கூடியிருப்பதைக் கவனித்ததும் அவர்கள்தான். இன்றும் அந்தப் பரிசோதனை செய்கிறோம், ஆனால் முதல் வாரத்தில் அது நார்மலாகவே வரலாம். ரிப்போர்ட் நார்மல் என்று வீட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாது.

கேள்வி: அதே நோய்தான் என் அக்காவுக்கும். ஸ்டீராய்டு கொடுத்தால் சீக்கிரம் சரியாகும் என்று சொந்தக்காரர் அடித்துச் சொல்கிறார். டாக்டர் மறுக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: டாக்டர் சொல்வதை. தன்னெதிர்ப்பு நோய் என்றாலே ஸ்டீராய்டு என்று நினைப்பது இயல்பு, ஆனால் கில்லன்-பாரேயில் அது பலன் தரவில்லை என்று ஆய்வுகளில் தெரிந்துவிட்டது. ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் (ரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்ப்புப் புரதம்) ஊசி, அல்லது பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) மாற்றுதல், இரண்டில் ஒன்று போதும், இரண்டும் ஏறக்குறைய சமம். சீக்கிரம் தொடங்குவதில்தான் விஷயம் இருக்கிறது. உங்கள் சொந்தக்காரர் சிஐடிபி நோயாளி யாரையாவது பார்த்திருக்கலாம், அது எட்டு வாரத்துக்கு மேலும் இழுத்துக்கொண்டே போகிற இதன் நாள்பட்ட உறவுக்கார நோய், அதற்கு ஸ்டீராய்டு நன்றாகவே கேட்கும்.

கேள்வி: காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு ஒன்று இரண்டாகத் தெரிகிறது, நடக்கும்போது தள்ளாடுகிறேன், ஆனால் கை கால் பலம் இருக்கிறது. கண் டாக்டரைப் பார்க்கட்டுமா?

பதில்: முதலில் நரம்பியல் மருத்துவரை, அதுவும் இன்றைக்கே. மில்லர் ஃபிஷர் என்று இதே குடும்பத்தில் ஒரு வகை கண்ணிலும் நடையிலும்தான் ஆரம்பிக்கும். பக்கவாதமாகவும் இருக்கலாம் என்பதால் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: ஆறு மாதமாகிறது, நடக்கிறேன். ஆனால் சாயங்காலம் ஆனாலே துவண்டு விடுகிறேன். நோய் திரும்புகிறதா? வீட்டாருக்கு ஒட்டுமா?

பதில்: ஒட்டாது. திரும்புவது நூற்றில் சிலருக்குத்தான். அந்தச் சோர்வு பலருக்கும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் கூட நீடிக்கும், சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். பிசியோதெரபியை விடாதீர்கள், ஆனால் மறுநாள் எழுந்திருக்க முடியாத அளவுக்குப் பயிற்சி செய்ய வேண்டாம். புதிதாக மரத்துப்போனாலோ பலம் குறைந்தாலோ மட்டும் உடனே போய்க் காட்டுங்கள்.