மாணவர் நலப் பிரிவில் வேலை பார்ப்பவருக்குச் சங்கம் எதற்கு?

கேள்வி: கல்லூரியில் மாணவர் நலப் பிரிவில் வேலை. விடுதி அறை ஒதுக்குவது, உதவித்தொகை விண்ணப்பம், மாணவர் மன்றம், அழுதுகொண்டு வருகிறவரை ஆலோசகரிடம் கூட்டிப்போவது எல்லாமே என் தலையில்தான். எங்கள் துறைக்கென்று இருக்கும் தொழில்முறைச் சங்கத்தில் சந்தா கட்டிச் சேரச் சொல்கிறார்கள். சேர்ந்தால் சம்பளம் கூடுமா? வேறு என்ன பயன்?

பதில்: சம்பளம் கூடாது. அதற்குப் பேரம் பேசுவது தொழிற்சங்கம். ஆனாலும் சேருங்கள் என்றுதான் சொல்வேன்.

கணக்குப் பேராசிரியருக்கு ஒரு சந்தேகம் என்றால் பக்கத்து அறையில் இன்னொரு கணக்குப் பேராசிரியர் இருப்பார். உங்கள் வேலையைச் செய்பவர் கல்லூரிக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர். கட்டணம் கட்ட முடியாத மாணவி தேர்வுக்கு முதல் நாள் மாலை வந்து நிற்கிறாள். விதி இடம் கொடுக்கவில்லை. முதல்வரிடம் கேட்கலாம் என்றால் அந்த விதியைப் போட்டவரே அவர்தான். அந்த நேரத்தில் போன் போட்டு "நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்க இன்னொரு கல்லூரியில் ஓர் ஆள் வேண்டும். சங்கம் அந்த ஆளைத் தரும்.

இந்தச் சங்கங்கள் பிறந்ததும் அப்படித்தான். அமெரிக்காவில் ஆண் மாணவர்களைக் கவனிக்க நியமிக்கப்பட்ட டீன்கள் சிலர், தங்கள் வேலையைப் பற்றிப் பேச 1919-ல் விஸ்கான்சினில் கூடினார்கள். மாணவர் நலப் பணியாளர்களின் இன்றைய சங்கமான 'நாஸ்பா' (NASPA) அதிலிருந்து வளர்ந்தது. பட்டதாரிகளுக்கு வேலை தேடிக்கொடுத்த அலுவலர்கள் 1924-ல் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதற்கு முன்னின்றவர் மே செனி என்ற பெண்மணி. அதுதான் பிறகு 'ஏசிபிஏ' (ACPA) ஆனது.

நான் இந்த வேலையில் இருந்த காலத்தில், சங்கக் கூட்டத்தில் நான் தவறவிடாத பகுதி ஒன்று உண்டு. யாராவது ஒருவர் தனக்குப் புரியாத ஒரு விஷயத்தை எடுத்துவைப்பார். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். ஒருமுறை ஒரு சகோதரி, ஒரே சான்றிதழை வாராவாரம் கேட்டு வரும் மாணவனைப் பற்றிச் சொன்னார். அவர் கொடுத்தனுப்புவார், அடுத்த வாரம் அவன் மறுபடி வருவான். "அதை யாரிடம் கொடுக்கிறான்?" என்றார் ஒருவர். வயதில் மூத்த உறுப்பினர் ஒருவர், "அடுத்த தடவை உடனே அச்செடுக்காதீங்க. உட்கார வைங்க, கொஞ்ச நேரம் ஆகும்னு சொல்லுங்க" என்றார். அப்படியே செய்திருக்கிறார். காத்திருந்த நேரத்தில் பையன் பேச ஆரம்பித்துவிட்டான். பாதிப் பாடங்களில் தேறவில்லை, வீட்டுக்குத் தெரியாது, படிப்பை விட்டுவிடலாமா என்று கேட்கத்தான் ஒவ்வொரு வாரமும் வந்திருக்கிறான். இதை எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் நான் படித்ததில்லை.

ஒன்று மட்டும் முக்கியம். பெயர் சொல்லக்கூடாது, படிப்பு, ஆண்டு, ஊர் எல்லாவற்றையும் மாற்றிச் சொல்ல வேண்டும். அப்படியும் ஆள் யாரென்று தெரிந்துவிடும் என்றால் அந்தக் கதையைக் கூட்டத்துக்குக் கொண்டுபோகவே கூடாது. அந்த மாணவர் நம்மை நம்பி வந்தவர்.

கேள்வி: இன்னொரு ஆலோசகர் வேண்டும் என்று பலமுறை எழுதிக் கொடுத்துவிட்டேன். நிர்வாகம் அசையவில்லை. இதில் சங்கம் என்ன செய்ய முடியும்?

பதில்: நேராக வந்து சண்டை போடாது. ஆனால் உங்கள் கையில் ஒரு காகிதத்தைத் தரும். 'நான் தவிக்கிறேன்' என்று எழுதினால் அது உங்கள் சொந்தக் குறையாகிவிடுகிறது. 'இந்தச் சேவை இந்தத் தரத்தில் இருக்க வேண்டும், நாம் இங்கே நிற்கிறோம்' என்று எழுதினால் பதில் சொல்ல வேண்டியது கல்லூரி. அமெரிக்காவில் பல சங்கங்கள் சேர்ந்து 1979-ல் தரங்களை வகுக்கவே 'கேஸ்' (CAS) என்ற தனி மன்றத்தை அமைத்தன. கல்லூரி தன்னைத்தானே அளந்து பார்க்க அது வழிகாட்டிகள் வெளியிடுகிறது. நாஸ்பாவும் ஏசிபிஏயும் சேர்ந்து 2015-ல் வெளியிட்ட திறன் பட்டியலில் பத்துத் துறைகள் இருக்கின்றன. ஆலோசனை சொல்வதும் சட்டமும் தொழில்நுட்பமும் அதில் வருகின்றன. அதை எடுத்துப் பாருங்கள். நம்மில் பெரும்பாலோர் மாணவரிடம் பேசுவதில் கெட்டி. செய்த வேலையின் பலனை அளந்து காட்டுவதில்தான் பின்தங்குகிறோம். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை நாள் காத்திருந்தார்கள் என்று இன்றே குறிக்கத் தொடங்குங்கள். அடுத்த கடிதத்தில் அந்தக் கணக்கு இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் பக்கம் அப்படியொரு சங்கமே இல்லையே?

பதில்: நாடு எதுவானாலும் சேரக்கூடிய 'ஐயாசஸ்' (IASAS) என்ற சர்வதேசச் சங்கம் 2010-லிருந்து இருக்கிறது. அதற்காகப் பக்கத்தில் இருப்பவர்களை விட்டுவிடாதீர்கள். அருகில் உள்ள நாலு கல்லூரிகளில் உங்கள் வேலையைச் செய்பவர்களைக் கூப்பிடுங்கள். தலைவர், செயலாளர், விதிமுறை எல்லாம் அப்புறம். முதல் கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு விஷயத்தோடு வரச் சொல்லுங்கள்.